பொதுச் சந்தில் நாய் அசுத்தம்: தனித்து வாழும் முதிய அண்டை வீட்டாரோடு முகம் முறியாமல் தீர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சென்னையின் பழைய குடியிருப்புகளில் மூன்று நான்கு வீடுகளுக்கு ஒரே சந்துதான் வழியாக இருக்கும். எங்கள் சந்து 4 அடி அகலம், ஏறக்குறைய 60 அடி நீளம். கிரயப் பத்திரத்தில் அது ‘பொதுச் சந்து’ என்று குறிப்பிடப்பட்டு, மூன்று வீட்டாருக்கும் அதில் வழிநடை பாத்தியம் உண்டு என்று எழுதப்பட்டிருக்கிறது. சந்தின் கடைசி வீட்டில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியாக இருக்கிறார். மணி என்றொரு நாட்டு நாயும் ஜூலி என்றொரு பாமரேனியனும் அவருக்குத் துணை. ஒரு காலகட்டத்தில், காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் வாசற்படிக்கு இரண்டடி தள்ளி நாய் மலம் கிடப்பது வாடிக்கையாகிவிட்டது. கோலம் போட வருபவர் முகம் சுளிப்பதும், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை மிதித்துவிட்டுத் திரும்பி வருவதும், அந்த அம்மையாரைப் பார்த்தும் பாராமல் நாங்கள் நடப்பதுமாகச் சில மாதங்கள் கழிந்தன.

நாங்கள் முதலில் செய்தவை எல்லாம் தவறானவை. தெருவில் எல்லோரும் செய்வதுபோல் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைச் சுவரோரம் வரிசையாக வைத்தோம். நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். சிவப்பு அதற்கு ஏதோ மங்கலான நிறம் மட்டுமே. மறுநாள் காலை மூன்றாவது பாட்டிலை ஒட்டியே காரியம் முடிந்திருந்தது. மிளகாய்ப் பொடி தூவலாம் என்றார் ஒருவர். அது நாயின் மூக்கையும் பாதத்தையும் எரிப்பதோடு, செருப்பில்லாமல் நடக்கும் முதியவரின் காலையும் எரிக்கும் என்பதால் நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. இந்தப் பிரச்சினையை நாயின் கெட்ட பழக்கமாகவோ நாய் வளர்ப்பவரின் அலட்சியமாகவோ பார்க்கும்வரை எந்த வழியும் பலிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. நாள்தோறும் இரண்டு முறை யாராவது குனிந்து அள்ள வேண்டிய வேலை அது. குனிய வேண்டியவரால் குனிய முடியவில்லை. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்தக் குனியும் வேலையை யார், எப்படிச் செய்வது என்ற கேள்விக்கான விடைகளே.

முதல் படி: ஒரு வாரம் கவனியுங்கள்

புகார் சொல்வதற்கு முன், அசுத்தம் யாருடைய நாயால் நேர்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தனித்து வாழும் முதியவர்கள் பலர் தெருநாய்களுக்கும் சோறு வைப்பார்கள். அப்போது சந்துக்குள் வந்துபோகும் நாய்கள் எல்லாவற்றின் கணக்கும் அவருடைய வளர்ப்பு நாய்களின் தலையில் விழும். நாள், நேரம், இடம் ஆகிய மூன்றை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். சந்தைப் படம் எடுக்கலாம். அவரைப் படம் எடுக்கக் கூடாது. தள்ளாத வயதில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் காணொளி எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அதன் பிறகு எந்தப் பேச்சும் பேச்சாக இருக்காது.

எங்கள் தாளில் ஆறு நாள் குறிப்பும் ஒன்றையே சொன்னது. அதிகாலை 5.30 மணியளவில் அவர் கதவைத் திறக்கிறார், நாய்கள் தாமாக வெளியே வருகின்றன, ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகின்றன. அவர் வாசற்படியைத் தாண்டுவதே இல்லை.

இரண்டாம் படி: எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள்

என் அனுபவத்தில் இதுவே முதன்மையான படி. பெரும்பாலோர் தாவிக் கடந்துவிடுவதும் இதைத்தான். அந்த நாய்கள் ஏழெட்டு ஆண்டுகளாக அங்கேதான் இருந்தன, முன்பெல்லாம் சந்தில் அசுத்தம் இருந்ததில்லை. தெருமுனையில் உள்ள காலி மனைக்கு அவரே இரண்டையும் சங்கிலியில் பிடித்து அழைத்துச் செல்வார். அது எப்போது நின்றது என்று எண்ணிப் பார்த்தபோது, அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தியதும், காய்கறி வண்டியை வாசலுக்கே வரச் சொல்லத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே மாதங்கள் என்று புரிந்தது. சந்தில் அசுத்தம் தொடங்கிய நாள் அவருடைய முழங்கால் தளர்ந்த நாள். அண்டை வீட்டில் ஒருவர் உடல் தளர்ந்து போனதை நாங்கள் மலத்தின் வழியாகத்தான் அறிந்தோம் என்பது எங்களுக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

முழங்கால் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கண்புரை இருந்தால் கீழே கிடப்பது தெரியாது. மோப்பம் குறைந்திருந்தால் நாற்றம் எட்டாது. மறதி நோயின் தொடக்கமாக இருந்தால், காலையில் கதவைத் திறந்துவிட்டதே பத்து மணிக்கு நினைவில் இருக்காது. நீங்கள் கேட்கும்போது ‘என் நாய் அப்படிச் செய்யாது’ என்று அவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது. துணையை இழந்த துயரத்தில் எதிலும் மனம் செல்லாமல் இருப்பவர்களும் உண்டு. நாய்கள் மெலிந்திருக்கின்றனவா, வீட்டுக்குள்ளிருந்தும் நாற்றம் வருகிறதா, மின்கட்டணம் கட்டாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்டதா, ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்கிறாரா என்பனவற்றை, வேவு பார்ப்பவரைப்போல் அல்லாமல் அக்கறையுள்ளவராகக் கவனித்துக்கொள்ளுங்கள். இவற்றில் பல சேர்ந்து தென்பட்டால் நாயின் கதை இரண்டாம்பட்சம். ஆறாம் படிக்கு நேராகச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: ஒருவர் மட்டும் சென்று பேசுங்கள்

மற்ற வீட்டார் எல்லோரும் கூட்டமாகப் போய் நின்றால் அது பஞ்சாயத்தாகிவிடும். அவருக்கு ஓரளவு பழக்கமான ஒருவர், காலைப் பரபரப்பு அடங்கிய பத்து பதினொரு மணியளவில், வெறுங்கையோடு போகாமல் சென்று உட்கார்ந்து பேசுவது நல்லது. மிதித்துவிட்டு வந்த எரிச்சலோடு அன்றைக்கே போகாதீர்கள். முதல் வாக்கியத்தில் நாய் வரக் கூடாது.

எங்கள் வீட்டில் என் மனைவி சென்றார். “கால் வலி எப்படிம்மா இருக்கு? இப்பல்லாம் கோயில் பக்கம் உங்களைப் பாக்கவே முடியலையே” என்று தொடங்கினார். அந்த அம்மையார் சிறிது நேரம் தைலம், எண்ணெய், ஊசி என்று தம் வைத்திய வரலாற்றைச் சொன்னார். பிறகு நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர் வாயிலிருந்தே வந்தது: “சந்துல அசிங்கம் பண்ணுதுங்கன்னு எனக்குத் தெரியும்மா. ஒரு நாள் அள்ளலாம்னு குனிஞ்சேன். எழுந்திருக்க முடியலை. செவுத்தைப் புடிச்சிக்கிட்டு கால் மணி நேரம் அப்படியே நின்னேன்.” கதவின் பின்னால் அவர் வைத்திருந்த கருவியையும் காட்டினார். பழைய எண்ணெய் டின்னின் மூடி ஒன்று, மடித்த செய்தித்தாள், கொஞ்சம் அடுப்புச் சாம்பல். அந்த மூடியை வைத்து அள்ள வேண்டுமானால் இடுப்பு தரையை நோக்கி முழுதாக வளைய வேண்டும்.

நாய்களை எங்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லாதீர்கள். இரவில் கதவருகே குரைப்பதற்கும் பகலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் அவருக்கு இருப்பவை அந்த இரண்டு உயிர்களே. அந்தச் சொல் ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் நல்ல யோசனையையும் நாய்களைப் பிரிப்பதற்கான சூழ்ச்சியாகவே அவர் கேட்பார். ‘தீட்டு’, ‘சுத்தபத்தம்’ என்ற பேச்சையும் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: குனியும் வேலையைப் பங்கிடுங்கள்

அவரால் எது முடியும், எது முடியாது என்பதை அவரிடமே கேட்டு வேலையைப் பிரியுங்கள். கதவைத் திறக்கும் நேரத்தைத் தள்ளிப்போட அவரால் முடியும். நாய்களுக்குச் சோறு வைக்கும் வேளையை ஒழுங்குபடுத்த முடியும். குனிய மட்டும் முடியாது. நின்றபடியே அள்ளக்கூடிய, இடுப்பளவு பிடி கொண்ட முறமும் சிறு வாரியும் கடைகளில் கிடைக்கின்றன. பிடியின் நுனியை அழுத்தினால் வாய் திறந்து கவ்வும் வகையும் உண்டு. அதைக் கையில் கொடுத்தபோது அவர் சந்தேகத்தோடு இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். மூன்றாம் நாள் தாமாகவே ஒருமுறை அள்ளிவிட்டு, அன்று மாலை மற்ற வீட்டார் எல்லோரிடமும் அதைச் சொன்னார். ஒரு கையில் ஊன்றுகோல் பிடிக்க வேண்டியவருக்கு இந்தக் கருவி உதவாது; அவருக்கு ஆள்தான் வேண்டும்.

ஆள் என்றதும் பலருடைய நினைவுக்கு வருபவர் காலையில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர். ‘அவங்ககிட்ட சொன்னா அள்ளிட்டுப் போயிடுவாங்க’ என்ற அந்த எளிய தீர்வை நான் கடுமையாக மறுக்கிறேன். தனியார் வீட்டு நாயின் மலத்தை அள்ளுவது மாநகராட்சி அவருக்குத் தந்த வேலை அன்று. வேறு எவரும் செய்ய விரும்பாததை அவர் தலையில் கட்டுவது நம் ஊரின் மிகப் பழைய தவறு. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கேட்பதானாலும், மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லி, தனிக் கூலி பேசி, கையுறையும் நீண்ட பிடிக் கருவியும் வாங்கிக் கொடுத்த பின்பே கேட்க வேண்டும். எங்கள் சந்தில் காலை நடை முடிந்து திரும்பும் கல்லூரி மாணவர் ஒருவர் மாதச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார். 6 மணிக்கு நாய்களைச் சங்கிலியில் பிடித்துச் செல்வதும், கீழே விழுவதை அள்ளுவதும் அவர் பொறுப்பு. சம்பளத்தில் பெரும் பங்கை அந்த அம்மையாரே தருகிறார். தம்மால் இயன்றதைத் தாமே தர வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வேலையை வீட்டுக்கு வீடு முறைவைத்துச் செய்கிறோம்.

ஐந்தாம் படி: நாய்க்கு ஓர் இடத்தைப் பழக்குங்கள், சந்தைச் சரியாகக் கழுவுங்கள்

உணவு வயிற்றில் இறங்கியதும் குடல் அசையத் தொடங்குவதால், பெரும்பாலான நாய்கள் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் மலம் கழிக்கும். தட்டில் எந்நேரமும் சோறு கிடந்தால் எந்நேரமும் கழிக்கும். காலை, மாலை என இரு வேளை மட்டும் வைத்து, 15 நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டால் நேரம் ஒரு கட்டுக்குள் வந்துவிடும். நடக்க அழைத்துச் செல்ல ஆளே இல்லாத நிலையில், அவர் வீட்டு எல்லைக்குள் மூன்றடிச் சதுரத்துக்குச் செங்கல் அடுக்கி மணல் கொட்டலாம். இடமில்லாவிட்டால் கொத்தனார் பயன்படுத்தும் சாந்துச் சட்டி இரண்டில் மணல் நிரப்பலாம். நாய் வாசனையைப் பின்பற்றும் பிராணி என்பதால், முதல் சில நாள்களில் சந்தில் கிடந்ததில் சிறிதளவை அந்த மணலில் இட்டு, சாப்பிட்டதும் அங்கே அழைத்துச் சென்று நிறுத்தி, அங்கே கழித்தால் உடனே ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தால் பழகும். ஜூலி பத்து நாளில் பழகியது. வயதான மணி இன்றுவரை பழகவில்லை; அதனால்தான் மாணவரின் துணை தேவைப்படுகிறது.

சந்தைக் கழுவுவதிலும் முறை உண்டு. பலர் செய்வதுபோல் முதலில் தண்ணீரை ஊற்றினால், ஓரிடத்தில் இருந்தது நான்கடிக்குப் பரவும். முதலில் திடப்பொருளை முழுதாக எடுத்துவிட வேண்டும். அதை வீட்டுக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவதே எளிய வழி. காய்கறிச் செடிக்கு உரமாகும் என்று தொட்டியில் போடுவது ஆகாது. பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன் பின்பே பிளீச்சிங் திரவம். வீட்டுக்கு வாங்கும் திரவமானால் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் விட்டுக் கழுவினால், நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸும் அழியும். பிளீச்சிங்கோடு கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி, குறுகிய சந்தில் மூச்சு முட்டும். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரடியாக பிளீச்சிங் ஊற்றினாலும் கண்ணெரியும் வாயு வரும் என்பதால், முதலில் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

உடனுக்குடன் அள்ளுவதற்கு நாற்றத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை, வெளியேறிய அன்றே தொற்றுவதில்லை. அது மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் ஆபத்தாகிறது. அதன் பிறகு மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், பிளீச்சிங்கும் அதைக் கொல்லாது. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணில் ஒரு வாரத்துக்குள் உருவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, தோலுக்கடியில் வரிவரியாக ஊர்ந்து அரிப்பை உண்டாக்கும். ஆக, அன்றாடம் அள்ளப்படும் சந்தில் இவை இரண்டுக்கும் வாய்ப்பே குறைவு. அள்ளப்படாத சந்தில் மண்ணில் விளையாடும் குழந்தைக்கும் செருப்பில்லாமல் கோலம் போடுபவருக்கும் ஆபத்து. நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படுகின்றனவா என்று பாருங்கள். அவரால் கால்நடை மருத்துவமனைக்குப் போக முடியாது. ஆட்டோ பிடித்து ஒருமுறை நீங்கள் அழைத்துச் செல்வது உங்கள் பிள்ளைக்கே பாதுகாப்பு. சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்துக்கும் அந்தத் தடுப்பூசிச் சான்று தேவைப்படும்.

ஆறாம் படி: குடும்பத்தாரையும் உதவி அமைப்புகளையும் அணுகுதல்

மகனோ மகளோ வெளியூரில் இருந்தால், அவரைக் கேட்காமல் அவர்களுக்குத் தொலைபேசியில் புகார் சொல்லாதீர்கள். ‘அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம்’ என்ற முடிவு அந்த ஓர் அழைப்பில் எடுக்கப்பட்டுவிடக் கூடும். “உங்க பையன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமாம்மா?” என்று அனுமதி பெற்று, முடிந்தால் அவர் எதிரிலேயே பேசுங்கள். புகாராக வைக்காமல், ஆள் வைக்க மாதம் இவ்வளவு ஆகிறது என்று கணக்காக வையுங்கள். தூரத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு அதுவே பிடித்துக்கொள்ள எளிதான கயிறு.

உடல்நிலைக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம். மறதியோ தொடர்ந்த தளர்ச்சியோ தெரிந்தால், கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் போன்ற முதியோர் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. அதில் அண்டை வீட்டாரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416. பிள்ளைகள் முற்றிலும் கைவிட்டிருந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்பதா என்பது அவருடைய முடிவு.

ஏழாம் படி: சட்டம் எதுவரை

எல்லாம் செய்தும் பயனில்லை என்றால் சட்டம் இருக்கிறது. ஆனால் பலர் நினைக்குமளவு கூர்மையாக இல்லை. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மலத்தை அள்ளும்படி உரிமையாளர்களை வேண்டிக்கொள்ளலாம், அபராதம் விதிக்கும் அதிகாரத்தைச் சங்கம் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் போக்கு. காவல் நிலையத்தில் பலர் மேற்கோள் காட்டும், நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரும்படி அலட்சியமாக இருப்பதைப் பற்றியது. அசுத்தம் அதில் அடங்காது. பொதுத் தொல்லைக்கான 292-ஆம் பிரிவில் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். மூன்று வீட்டாருக்கு மட்டும் உரிய சந்து ‘பொது’வா என்ற வாதமும் அங்கே எழும். மிச்சமிருப்பது உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்பது. எழுபதைக் கடந்த ஒருவரை அந்தப் படிகளில் ஏற்றி இறக்கிய பிறகு, அதே 4 அடிச் சந்தில் இருவரும் எதிரெதிரே நடக்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு நல்ல இடைவழி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். சட்ட உதவிக்கான தேசிய உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் அந்த அம்மையாருக்கும் வழக்கறிஞர் கிடைப்பார். அங்கே எழுதப்படும் உடன்பாட்டில் ‘நாய்களைக் கட்டுப்படுத்த வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், எத்தனை மணிக்கு, யார், எங்கே, யார் செலவில் என்று எழுதுங்கள்.

தெருநாய்களுக்குச் சோறு வைப்பதுதான் காரணம் என்றால், வைப்பதை நிறுத்தச் சொல்வதைவிட இடத்தை மாற்றுவதே நடக்கக்கூடியது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், நுழைவாயில், படிக்கட்டு, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகிய இடத்தையே உணவிடத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வார்டுதோறும் உணவிடும் இடங்களை உள்ளாட்சி அமைப்புகள் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எரிச்சலில் எவரேனும் விஷம் வைக்கப் பேசினால், விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மழைக்கு முன்னும் மருத்துவமனைக்கு முன்னும்

இந்த ஏற்பாடு இரண்டு சமயங்களில் குலையும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மணல் சேறாகி, நாய்கள் மறுபடி சந்துக்கு வரும். புழுக்களுக்கும் அந்த ஈரமே வாழிடம். புரட்டாசி முடிவதற்குள் பழைய மணலை அகற்றிப் புது மணல் கொட்டி, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துவிடுங்கள். மற்றொன்று, அந்த முதியவர் திடீரென மருத்துவமனையில் சேரும் நாள். மாற்றுச் சாவி யாரிடம், நாய்கள் என்ன சாப்பிடும், எந்த மருத்துவரிடம் காட்டுவது, ஒரு வாரத்துக்கு மேலானால் யார் வைத்துக்கொள்வது என்பனவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சந்தில் அந்தத் தாள் அவர் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. மணிக்கு மோர்சாதம் ஆகாது, ஜூலிக்கு இடி என்றால் பயம் என்ற இரண்டு வரிகளை அவரே தம் கைப்பட அதன் அடியில் சேர்த்திருக்கிறார்.